சாம்பலில் விளையும் நிறங்கள்

நுழையும்முன்

காலடியில் கிடக்கும் மண், அடுப்பில் எஞ்சிய சாம்பல், கிணற்று நீர், விறகின் தீ ஆகிய நான்கும் விலை மலிந்தவை. இந்த நான்கையும் ஒன்றுசேர்த்து, ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அழியாத ஒரு கலத்தை மனிதக் கை உருவாக்குகிறது. இயற்கையைப் பார்த்துக் கற்று, இயற்கையின் பொருள்களைக் கொண்டே படைக்கும் கலைக்கூட வனைகலையைப் பற்றியும், அதற்கும் நம் ஊர்க் குயவரின் தொழிலுக்கும் உள்ள உறவைப் பற்றியும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது ஆலையில் வார்க்கப்பட்டதாயின் அதன் விளிம்பு எங்கும் ஒரே கனமாக இருக்கும்; அதனுடன் பிறந்த ஆயிரம் கிண்ணங்களும் அதைப்போலவே இருக்கும். கையால் வனைந்த கிண்ணம் அவ்வாறு இருப்பதில்லை. அதன் உட்புறத்தில், நீர்ச்சுழிபோல் அடியிலிருந்து விளிம்புவரை ஏறிச்செல்லும் மெல்லிய வரிகள் தெரியும். அவை வனைந்தவரின் விரல்கள் நடந்த தடங்கள். வெளிப்புறத்தில் மெருகு வழிந்து ஓரிடத்தில் துளியாகத் திரண்டு நின்றிருக்கும். தீ எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை அக்கலத்தின் ஒரு பக்கத்துச் சிவப்பும் மறுபக்கத்து வெளுப்பும் சொல்லும்.

இத்தகைய கலங்களைத் தம் சிறு பட்டறையில், மண்ணைப் பதப்படுத்துவது முதல் சூளையைத் திறப்பதுவரை, தாமே முன்னின்று செய்பவரைக் கலைக்கூட வனைஞர் என்பர். அவர் அன்றாடப் பயன்பாட்டுக்கு உரிய தட்டும் குவளையும் செய்வார்; காட்சிக்கு உரிய சிற்பமும் செய்வார். இரண்டிலும் அவருக்கு ஆசிரியர் இயற்கையே.

வேட்கோவர் மரபு

தமிழ்நிலத்தில் வனைதொழிலின் வேர் மிக ஆழமானது. ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளும் கீழடியின் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் அதற்குச் சான்றாகின்றன. சங்க நூல்கள் குயவரை 'வேட்கோ' என்னும் பெருமைக்குரிய சொல்லால் குறிக்கின்றன. கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாகச் செய்யும்படி குயவரிடம் வேண்டுவதைப் புறநானூற்றின் 256ஆம் பாடல் காட்டுகிறது. மனிதனின் முதல் உணவைச் சமைத்த கலமும், இறுதியில் அவனைத் தாங்கிய கலமும் குயவரின் கையிலிருந்தே வந்தன. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே, தோற்றவன் உன்னினும் நல்லன் எனத் துணிந்து பாடிய வெண்ணிக் குயத்தியார் இம்மரபில் வந்தவர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அக்காலக் குயவர் தீயின் இயல்பையும் நன்கு அறிந்திருந்தனர். உட்புறம் கருத்தும் வெளிப்புறம் சிவந்தும் காணப்படும் கருப்பு-சிவப்புப் பானைகள் பெருங்கற்காலத்தைச் சேர்ந்தவை. வண்ணம் எதுவும் தீட்டாமல், ஒரே மண்ணில், ஒரே சூட்டில் இரு நிறங்களை அவர்கள் வரவழைத்தனர். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்று படும் இடம் சிவக்கும். காற்று படாமல் புகை சூழும் இடம் கருக்கும். இன்றைய கலைக்கூட வனைஞர் கற்கும் முதற்பாடமும் இதுவே.

கலைக்கூட வனைகலையின் தோற்றம்

ஆலைப்பொருள்கள் பெருகியபோது கைவினைக் கலங்கள் மதிப்பிழந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு எதிரான ஓர் எண்ணம் கிழக்கும் மேற்கும் சந்தித்த இடத்தில் பிறந்தது. ஆங்கிலேயரான பெர்னார்டு லீச், 1911இல் தோக்கியோவில் நடந்த ஒரு விருந்தில் கலந்துகொண்டார். அங்கே விருந்தினர் ஒவ்வொருவரும் ஒரு சிறு கலத்தில் ஓவியம் தீட்ட, அது அவர்கள் கண்முன்னரே மெருகு பூசப்பட்டு, சிறு உலையில் சுடப்பட்டு வெளிவந்தது. ஓவியராக வாழ எண்ணியிருந்த லீச்சின் வாழ்க்கை அன்றுமுதல் மண்ணின் பக்கம் திரும்பியது.

1920இல் அவர் தம் நண்பர் ஹமாடா ஷோஜியுடன் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடற்கரை ஊரில் பட்டறை அமைத்தார். மலைச்சரிவில் படிகளைப்போல் ஏறிச்செல்லும் ஜப்பானிய வகைச் சூளையை அங்கே கட்டினர். ஹமாடா பின்னர் நாடு திரும்பி, மாஷிகோ என்னும் ஊரில் குடியேறி, அவ்வூர் மண்ணையும் அவ்வூர்ச் சாம்பலையுமே தம் கலைக்குப் பயன்படுத்தினார். இவ்விருவருக்கும் நண்பரான யனாகி சோயெட்சு, பெயர் அறியாத கைவினைஞர்கள் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று செய்த பொருள்களிலேயே உயர்ந்த அழகு குடிகொண்டுள்ளது என்று வாதிட்டார். அத்தகைய பொருள்களுக்காக 1936இல் தோக்கியோவில் ஓர் அருங்காட்சியகத்தையும் நிறுவினார்.

இந்தியாவில் இக்கலைக்கு வித்திட்டவர் சர்தார் குர்சரண் சிங். இளமையில் ஜப்பானுக்குச் சென்று வனைதொழில் பயின்ற அவர், அங்கே லீச், ஹமாடா ஆகியோரின் நட்பைப் பெற்றார். தாயகம் திரும்பிய பின் தில்லியில் பட்டறை நிறுவிப் பல மாணவர்களை உருவாக்கினார்.

புதுச்சேரியில் அமைந்த பாலம்

தென்னிந்தியாவில் இக்கலை வேரூன்றிய இடம் புதுச்சேரி. அமெரிக்கர்களான டெபோரா ஸ்மித், ரே மீக்கர் ஆகிய இருவரும் 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் பட்டறையைத் தொடங்கினர். டெபோரா ஸ்மித் ஜப்பானில் வனைதொழில் பயின்றவர். ரே மீக்கர் கட்டடக்கலையும் வனைகலையும் கற்றவர். அவர்கள் செய்ய விரும்பியது உயர்வெப்பத்தில் சுடப்படும் கற்கலம். நம் வீடுகளில் ஊறுகாய் போட்டுவைக்கும் ஜாடி கற்கலமே. ஆனால், சிறு பட்டறையில், கையால் வனைந்து, விறகுச் சூளையில் அத்தகைய கலங்களைச் சுடும் வழக்கம் அன்று இப்பகுதியில் இல்லை. ஆகவே மண்ணைத் தேடுவது, மெருகைக் கண்டறிவது, சூளையைக் கட்டுவது என ஒவ்வொன்றையும் அவர்கள் தொடக்கத்திலிருந்தே செய்யவேண்டியிருந்தது.

அப்பட்டறையில் பணியாற்றிய உள்ளூர்த் தமிழர்கள் தொழிலைக் கற்றனர். அவர்களுள் சிலர் பின்னர்த் தாமே பட்டறைகள் அமைத்தனர். இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் மாணவர் வந்து தங்கிப் பயின்றனர். இன்று புதுச்சேரி, ஆரோவில் வட்டாரத்தில் வனைகலைப் பட்டறைகள் பல இருப்பதற்கு இதுவே காரணம். இதே புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டில், 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளும் உருளை அழகூட்டப்பட்ட மட்கல ஓடுகளும் கிடைத்தன. மட்கலத்தின் வழியே கடல்கடந்த உறவு கொண்டாடுவது அந்நிலத்துக்குப் புதியதன்று.

மண் கலமாகும் வழி

மண் எல்லாம் களிமண் ஆகாது. பாறை பல்லாயிரம் ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து உருவாகும் மிக நுண்ணிய துகள்களே களிமண். இத்துகள்கள் சீட்டுகளைப்போலத் தட்டையானவை. இடையே நீர் புகும்போது ஒன்றன்மீது ஒன்று வழுக்கி நகரும். கையை எடுத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்கும். இந்த இணக்கமே மண்ணை வனைதற்கு உரியதாக்குகிறது. ஏரியிலும் கண்மாயிலும் படியும் வண்டல் களியில் இரும்புச்சத்து மிகுதி. அதனால் அது சுட்டபின் சிவக்கும். பாறை சிதைந்த இடத்திலேயே தங்கிய வெண்களியில் இரும்பு குறைவு. அதனால் அது வெளுத்தே இருக்கும். கற்கலம் செய்வோர் இத்தகைய மண்வகைகளை அளவறிந்து கலந்துகொள்வர்.

கலந்த மண்ணைக் கரைத்து, வடிகட்டி, ஓரளவு உலர்த்தி, பின்னர்ப் பிசைவர். உள்ளே ஒரு சிறு காற்றுக்குமிழும் தங்காதபடியும், கட்டி முழுவதும் ஒரே ஈரமாக இருக்கும்படியும் பிசைவதே இதன் நோக்கம். பிறகு கட்டியைத் திரிகையின் நடுவில் அறைந்து வைத்து, சுழலவிட்டு, இரு கைகளாலும் அழுத்தி நடுவப்படுத்துவர். தொடக்க மாணவர் பல நாள்கள் இதிலேயே தோற்றுப்போவர். நடுவில் நில்லாத மண்ணை எவ்வளவு திறமையோடு தூக்கினாலும் அது ஒருபக்கம் சாய்ந்து விழும். நடுவில் நின்றபின் பெருவிரலால் குழிசெய்து, உள்விரலுக்கும் வெளிவிரலுக்கும் இடையே சுவரைப் பிடித்து மெல்ல மேலே உயர்த்துவர். வனைந்த கலத்தை நிழலில் வைத்து, தோல்போல் விறைத்த பதத்தில் அடிப்பகுதியைச் செதுக்குவர். கைப்பிடி ஒட்டுவதும் அப்பதத்தில்தான்.

மண்ணுக்கு நினைவாற்றல் உண்டு என்று வனைஞர்கள் சொல்வதுண்டு. ஈரத்தில் வளைந்துபோன ஒரு தட்டைக் கையால் நிமிர்த்திவிட்டால் அது நேரானதுபோலவே தோன்றும். ஆனால், சூளையில் அது மீண்டும் தன் பழைய வளைவுக்குத் திரும்பும். துகள்கள் முதலில் எத்திசையில் படிந்தனவோ அத்திசையிலேயே சுருங்குவதே இதற்குக் காரணம். சுருக்கமும் சிறிதன்று. உலரும்போதும் சுடும்போதும் சேர்ந்து, கற்கல மண் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்குவரை சுருங்கும். 10 சென்டிமீட்டர் உயரத்தில் வனைந்த குவளை, சூளையிலிருந்து வரும்போது 9 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கக்கூடும். வனைபவர் தம்முன் இருக்கும் கலத்தைப் பார்த்து வனைவதில்லை. ஒரு மாதம் கழித்து வரப்போகும் கலத்தை மனத்தில் கண்டு வனைகிறார்.

சாம்பல் கண்ணாடியாகும் விந்தை

மட்கலத்தின்மேல் பளபளக்கும் பூச்சைத் தொழிலகங்களில் கிளேஸ் என்பர். நாம் அதை மெருகு எனலாம். மெருகு என்பது கலத்தின்மேல் உருகி ஒட்டிய மெல்லிய கண்ணாடியே. கண்ணாடிக்கு அடிப்படையான சிலிக்கா உருகுவதற்கு 1700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். எந்த விறகுச் சூளையும் அந்த வெப்பத்தைத் தொடுவதில்லை. ஆகவே அதன் உருகுநிலையைத் தாழ்த்துவதற்கு ஒரு துணைப்பொருள் தேவை. அத்துணைப்பொருள் மரச்சாம்பலில் இருக்கிறது.

மரம் தன் வேரின் வழியே மண்ணிலிருந்து கால்சியம், பொட்டாசியம் முதலிய தாதுக்களை உறிஞ்சிக்கொள்கிறது. மரம் எரிந்தபின் காற்றோடு கலக்காமல் எஞ்சுபவை அத்தாதுக்களே. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ச் சீனத்துக் குயவர், சூளையில் பறந்த சாம்பல் பானைகளின் தோள்மீது படிந்து தானாகவே கண்ணாடியாவதைக் கண்டனர். தற்செயலாகக் கண்டதைப் பிறகு வேண்டுமென்றே செய்யக் கற்றனர். மெருகின் வரலாற்றில் சாம்பலுக்கு உரிய இடம் இவ்வாறு அமைந்தது.

அடுப்புச் சாம்பலைச் சலித்து, நீரில் ஊறவைத்து, மேலே தெளியும் காரநீரைப் பலமுறை வடித்து, எஞ்சிய வண்டலை உலர்த்தினால் மெருகுக்கு உரிய சாம்பல் கிடைக்கும். காரநீர் தோலை அரிக்கும் ஆதலால் கையுறை இன்றி இப்பணியைச் செய்தல் ஆகாது. சாம்பல் இரு பங்கு, பெல்ஸ்பார் என்னும் பாறைத்தூள் இரு பங்கு, களிமண் ஒரு பங்கு எனக் கலப்பது பலரும் தொடங்கும் எளிய கலவை. இதில் சாம்பல் உருக்குகிறது, பாறைத்தூள் கண்ணாடியாகிறது, களிமண் அக்கண்ணாடி வழிந்தோடாமல் நிறுத்துகிறது.

எல்லாச் சாம்பலும் ஒன்றுபோல் நடப்பதில்லை. நெல்லுமியின் சாம்பலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. அது எளிதில் உருகாது. பால்போன்ற வெண்மையைத் தரும். சவுக்கு முதலிய மரங்களின் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி. அது நீராய் உருகி இலைப்பச்சைச் சாயலோடு ஓடும். மரம் வளர்ந்த மண், வெட்டப்பட்ட பருவம், எரிந்தது கிளையா பட்டையா என்பவற்றுக்கு ஏற்பவும் நிறம் மாறும். ஆகவே ஒரு வனைஞரின் மெருகை மற்றொருவர் அப்படியே படியெடுத்தல் அரிது. அந்நிறத்தில் அவர் ஊரே கரைந்திருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில், ஜிசோ என்னும் இடத்துச் சூளைகளில் சோங் அரசமரபுக் காலத்தில் செய்யப்பட்ட கருநிறத் தேநீர்க் கிண்ணங்கள் புகழ்பெற்றவை. கிண்ணத்தின் உள்ளே உண்மையான மரஇலை ஒன்றை வைத்துச் சுட்டனர். இலை எரிந்து மறைந்தது. அதன் சாம்பல் மட்டும் அடியிலிருந்த மெருகோடு கலந்து, நரம்புகள் தெளிவாகத் தெரியும்படி இலையின் உருவைக் கிண்ணத்தில் நிலைநிறுத்தியது.

தீயின் தீர்ப்பு

உலர்ந்த கலத்தை முதலில் 900 முதல் 1000 பாகை செல்சியசு வரை சுடுவர். தொடக்கத்தில் வெப்பத்தை மிக மெதுவாக ஏற்றவேண்டும். மண்ணில் தங்கிய ஈரம் விரைந்து ஆவியானால் கலம் வெடித்துவிடும். ஏறத்தாழ 500 பாகையில், மண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. அதன்பின் அம்மண்ணை எவ்வளவு நீரில் ஊறவைத்தாலும் அது மீண்டும் குழையாது. மண் கல்லாகும் எல்லை அதுவே. 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்சு மணிகள் சட்டென்று விரிவடைகின்றன. ஆறும்போது அதே பாகையில் சுருங்குகின்றன. சூளையை அவசரப்பட்டுத் திறப்பவரின் கலங்கள் மணியோசையுடன் விரிசல் விடுவதற்கு இவ்வாறான திடீர் மாற்றங்களே காரணம்.

முதற்சூடு கண்ட கலத்தில் மெருகைத் தோய்த்து, மறுமுறை 1280 முதல் 1300 பாகை வரை சுடுவர். இரவும் பகலும் விறகிட்டு, சிறு துளை வழியே தீயின் நிறத்தைக் கண்காணிப்பர். குறித்த வெப்பத்தில் வளைந்து தலைசாய்க்கும்படி செய்யப்பட்ட கூம்புகளைச் சூளைக்குள் வைத்து அறிவர். 1886இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் சேகர் வகுத்த முறை இது. வெப்பத்தின் அளவோடு அது நீடித்த நேரத்தையும் இக்கூம்பு உணர்த்துவதால் வெப்பமானி வந்தபின்னும் இதன் பயன் குறையவில்லை.

நிறத்தை முடிவுசெய்வது சூளைக்குள் இருக்கும் காற்று. காற்றோட்டத்தைக் குறைத்தால் தீ உயிர்வளிக்கு ஏங்கும். உருவாகும் கார்பன் மோனாக்சைடு, மண்ணிலும் மெருகிலும் உள்ள இரும்பு ஆக்சைடிலிருந்து உயிர்வளியைப் பறித்துக்கொள்ளும். மெருகில் நூற்றுக்கு ஓரிரு பங்கு இரும்பு இருந்தால், காற்று நிறைந்த தீயில் அது தேன்மஞ்சளாகும்; காற்றுக் குறைந்த தீயில் மரகதக்கல்லின் சாயல்கொண்ட பசுமையாகும். அதே இரும்பு பத்துப் பங்காக உயர்ந்தால் கருமை. செம்பு காற்றுள்ள தீயில் பச்சை; காற்றில்லாத் தீயில் குருதிச்சிவப்பு. கருப்பு-சிவப்புப் பானை செய்த நம் முன்னோர் பெயரிடாமல் அறிந்திருந்த வேதியியல் இதுவே.

தீ அணைந்தபின் ஓரிரு நாள்கள் காத்திருக்கவேண்டும். அக்காத்திருப்பின் கனத்தை வனைஞர் மட்டுமே அறிவர். இரண்டு மாத உழைப்பு உள்ளே இருக்கிறது. ஓர் அடுக்கு சரிந்து பத்துக் குவளைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். மெருகு வழிந்து கலத்தைத் தட்டோடு பிணைத்திருக்கலாம். விரிசல் ஒன்று அடிவரை ஓடியிருக்கலாம். பிழைத்த கலத்தில் எவரும் திட்டமிடாத ஒரு நிறம் மலர்ந்தும் இருக்கலாம். சூளையைத் திறக்கும் நாளில் வனைஞர் முதலில் கலங்களைத் தட்டிப் பார்ப்பார். கணீரென ஒலித்தால் நலம். மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. அத்தகைய கலத்தை விற்பனைக்கு வைக்காமல் உடைத்துப்போடுவது நல்ல வனைஞரின் நெறி. வாங்குபவர் அறியமாட்டார் என்பது அவருக்குச் சமாதானம் ஆவதில்லை.

இயற்கையைப் பார்த்தலும் படைத்தலும்

இயற்கையிலிருந்து ஊக்கம் பெறுவது என்றவுடன் கலத்தின்மீது பூவையும் பறவையையும் வரைவது என்று பலர் எண்ணுவர். அது தொடக்கநிலை மட்டுமே. தேர்ந்த வனைஞர் இயற்கையின் உருவத்தோடு அவ்வுருவத்தின் காரணத்தையும் பார்க்கிறார்.

சுரைக்காய் ஏன் அடிபருத்துக் கழுத்துச் சிறுத்திருக்கிறது? தன் எடையைத் தாங்குவதற்கும் காம்பில் தொங்குவதற்கும் ஏற்ற வடிவம் அது. அதே வடிவத்தைக் குடுவைக்குக் கொடுத்தால் அது சாயாமல் நிற்கும். கழுத்தைப் பிடிப்பதற்கு வாய்ப்பாகவும் இருக்கும். சிப்பியின் முகட்டு வரிகள் மெல்லிய ஓட்டுக்கு வலிமை தருகின்றன. தட்டின் விளிம்பை அவ்வாறு மடித்தால் அது கோணாமல் நிற்கும். தாமரையிலை நடுவில் குழிந்திருப்பதும், பனங்குருத்து மடிப்பு மடிப்பாக விரிவதும், கறையான் புற்று மழைக்குக் கரையாமல் நிற்பதும் வனைஞருக்குப் பாடங்கள்.

கடற்கரை ஈரமணலில் அலை வரைந்துசெல்லும் கோடுகள், வெடித்த ஏரிக்கரையின் வலைப்பின்னல், மழைக்குப் பின் மரப்பட்டையில் படரும் பாசி ஆகியவற்றை மெருகே தானாக வரையும். மெருகு கலத்தைவிடக் கூடுதலாகச் சுருங்கும்போது வறண்ட நிலத்தைப்போல அதில் நுண்வெடிப்புகள் தோன்றும். சீனத்துக் கருமெருகில் இரும்பு பிரிந்து வழிந்த கோடுகளை 'முயல்மயிர்' என்று பெயரிட்டு அழைத்தனர். ஜப்பானின் பிசென் வனைஞர் மெருகே பூசுவதில்லை. சூளையில் பறந்து படியும் சாம்பலும், கலத்தைச் சுற்றிய வைக்கோல் விட்டுச்செல்லும் செந்தழும்பும் மட்டுமே அவர்தம் அணிகள். இங்கே இயற்கை வனைஞரோடு சேர்ந்து தொழில் செய்யும் துணையாகவே இருக்கிறது.

வீடே சூளையான கதை

ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலி, மண்வீட்டையே தீயிட்டுச் சுட்டு உறுதியாக்க முடியுமா என்று ஆராய்ந்தார். அவ்வழியில் ரே மீக்கரும் 1980களின் நடுப்பகுதியிலிருந்து புதுச்சேரி வட்டாரத்தில் ஆய்வுகள் மேற்கொண்டார். சுடாத செங்கல்லையும் சேற்றையும் கொண்டு வளைகூரை வீட்டைக் கட்டி, அதன் உள்ளே செங்கற்களையும் ஓடுகளையும் அடுக்கி, பல நாள்கள் தீமூட்டினர். வீடு சூளையாயிற்று, சூளை வீடாயிற்று. உள்ளே சுட்ட பொருள்களை விற்று விறகுச் செலவை ஈடுசெய்யலாம் என்பது கணக்கு. சிமெண்டையும் இரும்பையும் தவிர்த்து, ஏழைக்கு ஏற்ற, மழைக்குக் கரையாத மண்வீடு தருவது நோக்கம்.

இம்முயற்சி ஒரு கடினமான கேள்வியையும் நம்முன் வைக்கிறது. மண் நம்மைச் சுற்றி இருக்கிறது. ஆனால், அதைக் கல்லாக்கும் தீக்கு மரம் வேண்டும். இயற்கையைப் போற்றும் கலை, மரத்தை எரித்தே பிறக்கிறது. இம்முரணை நேர்மையான வனைஞர் எவரும் மறைப்பதில்லை. காட்டு மரத்தை விடுத்து, கடலோர மணற்பாங்கில் சில ஆண்டுகளில் வளர்ந்துவிடும் சவுக்கைப் பயன்படுத்துதல், வெப்பம் வீணாகாதபடி சூளையைக் கட்டுதல், ஒருமுறை மூட்டிய தீயில் இயன்ற அளவு கலங்களைச் சுடுதல், எஞ்சிய சாம்பலை மெருகாக்குதல் என அவர் தம் கடனைக் குறைக்க முயல்கிறார். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக் கோப்பைக்கு மாற்றாக, தலைமுறை கடந்து பயன்படும் ஒரு குவளையைத் தருவதே அத்தீக்கு அவர் செலுத்தும் விலை.

இரு கைகள், இரு மதிப்புகள்

கலைக்கூட வனைஞரின் கிண்ணம் கண்ணாடிப் பேழையில் வைக்கப்படுகிறது. அதன் அடியில் செய்தவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பொங்கலுக்கு நாம் வாங்கும் பானையின் அடியில் எவர் பெயரும் இல்லை. முன்னதை விலை கேளாமல் வாங்குவோரும் பின்னதைப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்பர். இவ்வேறுபாடு திறமையால் வந்ததா என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஊர்க் குயவர், திரிகையில் வனைந்த பானையின் அடிப்பகுதியை உள்ளே கல்லையும் வெளியே பலகையையும் கொண்டு தட்டித்தட்டி மெலிதாக்குகிறார். தட்டும் ஓசையைக் கொண்டே சுவரின் கனத்தை அறிகிறார். மானாமதுரைக் கடத்தைச் செய்பவர், சுருதி சேரும்படி மண்ணின் கனத்தை அமைக்கிறார். ஐயனார் கோயில் குதிரையை ஆளுயரத்துக்கும் மேலாக, உட்கூடாக, வெடிக்காமல் சுட்டெடுப்பது எந்தக் கலைக்கூடச் சிற்பத்துக்கும் இளைத்த பணியன்று. மெருகில்லாத மட்பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்நீர் குளிர்கிறது. மெருகிட்ட கற்கலத்தால் அதைச் செய்ய இயலாது. மட்பானையால் ஊறுகாயைக் காக்க இயலாது. இவற்றுள் உயர்வு தாழ்வு இல்லை, பயன்தான் வேறு.

வில்லியனூர்ச் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றிருப்பதும், அவ்வூர்க் கலைஞர் முனுசாமிக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதும் மரபுக் கைகளுக்குக் கிடைத்த மதிப்பு. எனினும் ஒரு விருது ஒரு தெருவின் அடுப்பை எரியவைப்பதில்லை. ஏரிகள் தூர்ந்தும் மறைந்தும் வருகையில் நல்ல களிமண் கிடைப்பது அரிதாகிறது. எவர்சில்வரும் நெகிழியும் அடுக்களையைக் கைப்பற்றின. சேறு படிந்த கையோடு பள்ளிக்கு வரக் கூசும் பிள்ளை, நாளை அத்திரிகையைத் தொட விரும்புவதில்லை. ஒரு தலைமுறை கைவிட்டால் இத்தொழில் மறையும். ஏனெனில் இவ்வறிவு ஏட்டில் இல்லை, விரலில் இருக்கிறது.

இங்கே ஹமாடாவின் வாழ்க்கை நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. உலகப்புகழ் பெற்று, 1955இல் ஜப்பான் அரசால் வாழும் தேசியச் செல்வம் என்னும் சிறப்பை எய்திய பின்னும், மாஷிகோவில் தாம் செய்த கலங்களில் அவர் பெயர் பொறிக்கவில்லை. பெயரற்ற ஊர்க் குயவரின் வரிசையில் தாமும் ஒருவராக நிற்பதையே அவர் விரும்பினார். கலைக்கூடம் மரபுக்கு எதிரானதன்று; அதன் கிளையே என்பதை அவர் செயலால் காட்டினார். கலைக்கூட வனைஞர் உயர்வெப்ப நுட்பத்தையும் மெருகின் வேதியியலையும் பகிர்ந்து, ஊர்க் குயவர் தட்டுப்பலகையின் நுட்பத்தைக் கற்பித்து, இருவரும் ஒரே திண்ணையில் அமரும் நாளில் இக்கலை தழைக்கும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம் இருப்பதும், வனைகலையைக் கவின்கலைக் கல்லூரிகளில் பாடமாகப் பயிலும் வாய்ப்பு இருப்பதும் உங்கள் நினைவில் இருக்கட்டும்.

அடுத்தமுறை ஒரு மட்கலத்தைக் கையில் எடுக்கும்போது, அதன் உட்புறத்தில் விரலை வைத்து அவ்வரிகளைத் தொட்டுப் பாருங்கள். செய்தவர் விரல் சென்ற வழியே உங்கள் விரலும் செல்லும். விலையைப் பற்றிப் பேசுவதை அதன்பின் தொடங்கலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலோ அருகிலுள்ள ஊரிலோ வனைதொழில் செய்யும் ஒருவரைச் சந்தித்து, மண் எடுக்கும் இடம், பதப்படுத்தும் முறை, சூளை வைக்கும் முறை, அவர் எதிர்கொள்ளும் இடர்கள் ஆகியவற்றைக் கேட்டறிந்து நேர்காணலாகத் தொகுக்க.

2. வனைதொழில் சார்ந்து உங்கள் வட்டாரத்தில் வழங்கும் கலைச்சொற்களையும், பானை வகைகளின் பெயர்களையும் திரட்டி அகரவரிசையில் எழுதுக.

3. இயற்கையிலுள்ள காய், விதை, சிப்பி, இலை ஆகியவற்றுள் ஒன்றை உற்றுநோக்கி, அதன் வடிவத்துக்கான காரணத்தைக் கண்டறிந்து, அவ்வடிவத்தில் ஒரு பயன்கலத்தை வரைந்து விளக்குக.

4. 'விறகை எரித்துச் செய்யும் கைவினைக் கலங்கள் இயற்கைக்கு நன்மையா, தீங்கா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.